ஒரே ‘சொல்’லுக்கு நான்கு ஆங்கில வினைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடினமான ஆங்கிலச் சொல் எதிர்ப்பட்டால் உடனே அகராதியைப் புரட்டுகிறோம். ‘ஸே’, ‘டெல்’, ‘ஸீ’, ‘லுக்’ என்று வந்தால் புரட்டுவதில்லை. தவறு அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். அதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். கண்ணை உறுத்தினால் வாய்விட்டுப் படியுங்கள், பிடிபட்டுவிடும்.

ஒரே பொருளுக்கு எதற்கு இத்தனை வினைகள்? ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு ஓட்டிவிட முடியாதா?

முடியும் என்று நினைத்தவர் ஒருவர் இருந்தார். சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930இல் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்ற சுருக்க ஆங்கிலத்தை முன்வைத்தார். மொத்தம் 850 சொற்கள். அவற்றில் வினைகள் 18 மட்டுமே. அந்தப் பட்டியலில் ‘ஸே’ உண்டு, ‘டெல்’ கிடையாது. ‘ஸீ’ உண்டு, ‘வாட்ச்’ கிடையாது. சிக்கல் என்னவென்றால், 18 வினைகளை வைத்துக்கொண்டு உலகத்தையே பேச வேண்டுமானால் ஒவ்வொன்றின் வாலிலும் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ என்று எதையாவது கட்ட வேண்டியிருக்கிறது. ‘புட்’ மட்டும் தெரிந்த ஒருவருக்கு ‘புட் அப் வித்’ என்றால் ‘பொறுத்துக்கொள்’ என்று எப்படித் தெரியும்?

நாம் அலுத்துக்கொள்வதிலும் நியாயமில்லை. ஆங்கிலத்துக்கு ‘பிரேக்’ ஒன்று போதும். நமக்குப் பானை உடைகிறது, குச்சி ஒடிகிறது, கயிறு அறுகிறது, எலும்பு முறிகிறது. ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்று முடிந்துவிடுகிற இடத்தில் தொல்காப்பியம் மூன்று வினைகளைச் சொல்லி, எதை யார் பயன்படுத்துவது என்றும் வகுத்திருக்கிறது: பொருளைத் தரச்சொல்லிக் கேட்பவர் தாழ்ந்தவரானால் ‘ஈ’, ஒத்தவரானால் ‘தா’, உயர்ந்தவரானால் ‘கொடு’. பக்கத்துப் பக்கத்து வினைகளுக்குள் வேறுபாடு பார்ப்பது நமக்குப் பழகிய கலை. ஆங்கிலம் கோட்டை வேறு இடத்தில் கிழிக்கிறது, அவ்வளவுதான்.

‘ஸே’, ‘டெல்’ இரண்டுக்கும் ‘சொல்’ என்றுதானே பொருள்? எதை எங்கே போடுவது?

பொருளைப் பார்த்தால் குழப்பம் தீராது. வினைக்கு அடுத்து யார் நிற்கிறார் என்று பாருங்கள். ‘டெல்’ தனக்குப் பக்கத்திலேயே ஓர் ஆளை எதிர்பார்க்கும்: ‘ஹீ டோல்ட் மீ’. ‘ஸே’க்கு ஆள் தேவையில்லை: ‘ஹீ செட் ஹீ வாஸ் டயர்ட்’. ஆளைச் சொல்லியே ஆகவேண்டுமானால் நடுவில் ‘டு’ வேண்டும்: ‘ஹீ செட் டு மீ’.

நம் தவறு எங்கிருந்து முளைக்கிறது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. தமிழில் ‘என்னிடம் சொன்னான்’ என்கிறோம். அந்த ‘இடம்’ நம் காதில் ‘டு’ என்று கேட்கிறது. அதனால் ‘ஹீ டோல்ட் டு மீ’ என்று எழுதிவிடுகிறோம். பிறகு யாரோ ‘டு’ கூடாது என்று அடித்துத் திருத்துகிறார்கள். அந்த அடி நினைவிலிருந்து, அடுத்த முறை தேவையான இடத்திலும் ‘டு’வை விட்டுவிட்டு ‘ஹீ செட் மீ’ என்று எழுதுகிறோம். இரண்டு தவறும் ஒரே ஆளின் ஒரே பக்கத்தில் இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஐயம் வந்தால் வாக்கியத்திலிருந்து ஆளை எடுத்துவிட்டுப் படியுங்கள். ‘ஹீ செட் ஹீ வாஸ் டயர்ட்’ நிற்கிறது. ‘ஹீ டோல்ட் ஹீ வாஸ் டயர்ட்’ ஒரு கால் இல்லாத நாற்காலிபோல் ஆடுகிறது.

விதிவிலக்குகள் கைவிரலில் அடங்கும். உண்மை, பொய், கதை, நேரம், வேறுபாடு ஆகியவற்றுக்கு ஆள் இல்லாமலேயே ‘டெல்’ வரும்: ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் த டைம்’. அறிவிப்புப் பலகை சொல்வது ‘ஸே’. ‘எக்ஸ்பிளெயின்’, ‘சஜெஸ்ட்’ ஆகிய இரண்டும் ‘டெல்’லின் உறவினர்போல் தோன்றினாலும் ‘ஸே’யின் குணம் கொண்டவை. ‘எக்ஸ்பிளெயின் மீ’ தவறு. ‘எக்ஸ்பிளெயின் இட் டு மீ’ என்றே சொல்ல வேண்டும்.

‘ஸ்பீக்’, ‘டாக்’?

பெரும்பாலும் எதைப் போட்டாலும் ஓடும். மொழி என்றால் மட்டும் ‘ஸ்பீக்’ கட்டாயம். ‘ஐ டாக் டமில்’ என்று யாரும் சொல்வதில்லை. மேடைப் பேச்சுக்கும், தொலைபேசியில் இன்னாரோடு பேச வேண்டும் என்பதற்கும் ‘ஸ்பீக்’ பொருத்தம். இருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் ‘டாக்’. இதற்கு மேல் இதில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

‘ஸீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ மூன்றும் ‘பார்’தானே?

ஜன்னலருகே நிற்கிறீர்கள். தெருவில் ஒரு நாய் போகிறது, தற்செயலாகக் கண்ணில் படுகிறது: ‘ஐ ஸா எ டாக்’. அது குரைக்கிறது, என்ன என்று திரும்புகிறீர்கள்: ‘ஐ லுக்ட் அட் இட்’. அது ஒரு பூனையைத் துரத்த ஆரம்பிக்கிறது, பூனை மதில்மேல் ஏறித் தப்பும்வரை கண்ணை எடுக்காமல் நிற்கிறீர்கள்: ‘ஐ வாட்ச்ட் இட்’. படுவது, திருப்புவது, தொடர்வது. பழந்தமிழில் காண்பதற்கும் நோக்குவதற்கும் இருந்த இடைவெளி ஏறக்குறைய முதல் இரண்டுக்கும் இருப்பதுதான்; பேச்சில் ‘பார்’ எல்லாவற்றையும் விழுங்கிவிட்டதால் நமக்கு மறந்துபோயிற்று.

புகைப்படம் அசையாதது, அதற்கு ‘லுக் அட்’. ஆட்டம் அசைவது, அதற்கு ‘வாட்ச்’. மருத்துவரைப் பார்ப்பது ‘ஸீ’. அங்கே ‘வாட்ச்’ போட்டால் நீங்கள் அவரை வேவு பார்க்கிறீர்கள் என்றாகிவிடும். ‘ஸீ’யோடு ‘இங்’ சேர்க்கும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ‘ஐ ஆம் ஸீயிங் ஹெர்’ என்றால் ‘அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று கேட்பவர் எடுத்துக்கொள்ள மாட்டார். இருவரும் காதலிக்கிறீர்கள் என்றே நினைப்பார்.

‘கேள்’ விஷயத்தில் ஏன் இவ்வளவு தடுமாற்றம்?

ஏனென்றால் தமிழ் ‘கேள்’ ஒரு கூட்டுக்குடும்பம். சத்தம் கேட்கிறது (‘ஹியர்’), பாட்டுக் கேட்கிறேன் (‘லிஸன் டு’), கேள்வி கேட்கிறேன் (‘ஆஸ்க்’), உதவி கேட்கிறேன் (‘ஆஸ்க் ஃபார்’). சொன்னால் கேட்கமாட்டான் என்பதும் உண்டு. அதற்கும் ‘லிஸன்’தான்: ‘ஹீ வோன்ட் லிஸன்’. காதில் தானாக விழுவது ‘ஹியர்’, காதைக் கொடுப்பது ‘லிஸன்’. தொலைபேசியில் ‘கேன் யு ஹியர் மீ?’ என்றால் இணைப்பைப் பற்றிய கேள்வி. ‘ஆர் யு லிஸனிங் டு மீ?’ என்றால் உங்களைப் பற்றிய புகார்.

‘ஐ டவுட்’ என்று எழுதியதற்கு எதிர்மாறாகப் புரிந்துகொண்டார்கள். ஏன்?

இந்தக் கேள்விக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினாலும் தகும். ‘அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகப்படுகிறேன்’ என்று தமிழில் சொன்னால், எடுத்தவன் அவனே என்பது உங்கள் எண்ணம். இதை ‘ஐ டவுட் ஹீ டுக் இட்’ என்று ஆங்கிலப்படுத்தினால், அவன் எடுத்திருப்பான் என்று நீங்கள் நம்பவில்லை என்றாகிவிடும். குற்றம் சாட்டப் போனவர் நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு வருகிறார். நீங்கள் தேடிய சொல் ‘சஸ்பெக்ட்’: ‘ஐ சஸ்பெக்ட் ஹீ டுக் இட்’. நடந்திருக்கும் என்ற பக்கம் சாய்ந்தால் ‘சஸ்பெக்ட்’, நடந்திருக்காது என்ற பக்கம் சாய்ந்தால் ‘டவுட்’. தமிழ்ச் ‘சந்தேகம்’ இரண்டு பக்கமும் சாயும்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்காட்லாந்து வட்டாரப் பேச்சில் ‘டவுட்’ நம் சந்தேகத்தைப் போலவே நடந்துகொள்கிறது. அங்கே ஒருவர் ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’ என்றால், மழை வரும்போலிருக்கிறது என்று பொருள். ஆகவே உங்களுக்குத் துணைக்கு ஆள் உண்டு. ஆனால் ஸ்காட்லாந்துக்கு வெளியே அந்தத் துணை கைகொடுக்காது.

பாடத்தில் புரியாததைக் கேட்பதும் ‘டவுட்’ அல்ல, ‘குவெஸ்சன்’. ஆசிரியரிடம் ‘டவுட்’ கேட்பது இந்திய ஆங்கில வழக்கு.

‘பிரிங்’, ‘டேக்’?

நமக்கு இது எளிது. கொண்டுவருவது ‘பிரிங்’, கொண்டுபோவது ‘டேக்’. கேட்பவர் இருக்கும் இடத்துக்கு வருவதானால் தமிழிலும் ‘வருகிறேன்’, ஆங்கிலத்திலும் ‘கம்’. அமெரிக்கர் பலரும் அயர்லாந்துக்காரரும் ‘டேக்’ வரவேண்டிய சில இடங்களில் ‘பிரிங்’ சொல்வார்கள். கேட்டால் திகைக்க வேண்டாம், பின்பற்றவும் வேண்டாம். ‘போய் வருகிறேன்’ என்பதை மட்டும் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று பெயர்க்காதீர்கள். ‘ஐ வில் பி பேக்’ போதும்.

‘லை’, ‘லே’ குழப்பம் எப்போது தீரும்?

ஆங்கிலேயருக்கே தீரவில்லை. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு: இது தன்வினை, பிறவினை விவகாரம். எழுவதும் எழுப்புவதும் ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’. அதேபோல் தானாகக் கிடப்பது ‘லை’, ஒன்றைக் கிடத்துவது ‘லே’. விபரீதம் இறந்தகாலத்தில் இருக்கிறது. ‘லை’யின் இறந்தகாலம் ‘லே’! அதாவது நேற்று அவர் படுத்திருந்தார் என்றால் ‘ஹீ லே’. இன்று புத்தகத்தை மேசைமேல் கிடத்தினாலும் ‘லே’. கிடத்தியதன் இறந்தகாலம் ‘லெய்ட்’. பொய் சொல்வதும் ‘லை’தான், அதன் இறந்தகாலம் ‘லைட்’. தப்பிக்க வழி உண்டு: வைப்பதற்கு ‘புட்’ என்றே எழுதுங்கள். யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கப் போவதில்லை.

ஒரே வரியில் தீர்கிற ஜோடிகள் இருந்தால் சொல்லுங்களேன்?

உடுத்தியிருப்பது ‘வேர்’, உடுத்துகிற செயல் ‘புட் ஆன்’. காலணியின் நாடாவைக் கட்டிக்கொண்டே ‘ஐ ஆம் வேரிங் மை ஷூஸ்’ என்று குரல் கொடுத்தால், வெளியே காத்திருப்பவர் ‘அதனால் என்ன?’ என்றுதான் நினைப்பார். கடன் வாங்குவது ‘பாரோ’, கொடுப்பது ‘லெண்ட்’. திருடப்பட்ட பொருளுக்கு ‘ஸ்டீல்’, பறிகொடுத்த ஆளுக்கும் இடத்துக்கும் ‘ராப்’. நினைவு வைத்திருப்பது ‘ரிமெம்பர்’, நினைவூட்டுவது ‘ரிமைண்ட்’. நல்லதை எதிர்பார்த்தால் ‘ஹோப்’, எதுவானாலும் ‘எக்ஸ்பெக்ட்’, நின்று காத்திருந்தால் ‘வெய்ட் ஃபார்’. விளக்கு, மின்விசிறி ஆகியவற்றைத் திறக்கவும் மூடவும் முடியாது. ‘டர்ன் ஆன்’, ‘டர்ன் ஆஃப்’.

தேர்வு எழுதுவதா, எடுப்பதா, கொடுப்பதா, உட்காருவதா?

ஒரே செயலுக்கு நான்கு வினைகள், நான்கு நிலப்பரப்புகள். தமிழில் தேர்வு எழுதுகிறோம், ஆகவே ‘ரைட் அன் எக்ஸாம்’. இந்தி பேசுவோர் தேர்வைக் ‘கொடுக்கிறார்கள்’, ஆகவே ‘கிவ் அன் எக்ஸாம்’. பிரிட்டனில் ‘ஸிட் அன் எக்ஸாம்’. ‘டேக் அன் எக்ஸாம்’ எல்லா இடத்திலும் செல்லுபடியாகும். இவற்றில் உண்மையிலேயே ஆபத்தானது ‘கிவ்’. இந்தியாவுக்கு வெளியே தேர்வைக் கொடுப்பவர் ஆசிரியர்; எழுதியவர் தன்னை ஆசிரியராக்கிக்கொண்டுவிடுகிறார். ‘ரைட்’ அவ்வளவு மோசமில்லை, கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அப்படியே சொல்கிறார்கள். எங்கே போகும் என்று தெரியாத எழுத்தானால் ‘டேக்’ போட்டுவிடுங்கள்.

எது வட்டாரக் கொச்சை, எது வெறும் பேச்சுநடை? ‘கெட்’ கொச்சையா?

இல்லை. ‘கெட்’, ‘ஃபைண்ட் அவுட்’, ‘புட் ஆஃப்’ எல்லாம் எல்லா நாட்டிலும் படித்தவர்கள் எழுதுகிற சொற்கள்தான். சட்ட ஆவணத்தில் ‘கெட்’டுக்குப் பதில் ‘ஒப்டெய்ன்’ வரலாம், அது நடை பற்றியது. கொச்சை என்பது ஒரு கூட்டத்துக்குள் மட்டும் புழங்குவது. திருடுவதற்கு ‘ஸ்டீல்’ என்றால் உலகம் முழுவதும் புரியும். பிரிட்டனில் ‘நிக்’ என்பார்கள், அது எல்லா நாட்டிலும் செல்லாது. ‘கானா’ (‘கோயிங் டு’), ‘வானா’ (‘வான்ட் டு’) என்பவை உச்சரிப்பைப் பிடித்து எழுதியவை. காதால் புரிந்துகொள்ளத் தெரிந்திருக்கட்டும். கையால் எழுத வேண்டாம்.

ஒரே சொல் நாட்டுக்கு நாடு பொருள் மாறுமா?

மாறும், அதுவும் தலைகீழாக. ‘டேபிள்’ என்ற வினையைப் பாருங்கள். பிரிட்டனில் ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்தால் விவாதத்துக்கு எடுத்துவைக்கிறார்கள். அமெரிக்காவில் விவாதிக்காமல் ஒத்திவைக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டன், அமெரிக்க அதிகாரிகள் ஓர் ஆவணத்தை ‘டேபிள்’ செய்வதா வேண்டாமா என்று நெடுநேரம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் இருதரப்பும் ஒன்றையே விரும்பியதை உணர்ந்தார்கள் என்று வின்ஸ்டன் சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார். இருவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி!

‘வாஷ் அப்’ என்றால் பிரிட்டனில் பாத்திரம் துலக்குவது, அமெரிக்காவில் கைமுகம் கழுவுவது. ‘நாக் அப்’ என்பதற்குப் பழைய பிரிட்டிஷ் வழக்கில் கதவைத் தட்டி எழுப்புவது என்று ஒரு பொருள் உண்டு. அமெரிக்காவில் அதன் பொருள் கர்ப்பமாக்குவது. ஓர் அணிக்கு ஆதரவாகக் குரல் கொடுப்பதை அமெரிக்கர் ‘ரூட் ஃபார்’ என்பார்கள்; ஆஸ்திரேலியாவில் ‘ரூட்’ என்பது உடலுறவைக் குறிக்கும் கொச்சை. ‘ஒத்திவை’க்குப் ‘போஸ்ட்போன்’, ‘ஆதரி’க்குச் ‘சப்போர்ட்’ என்று எழுதிவிட்டால் இந்தக் கண்ணிவெடிகள் எதிலும் கால்படாது.

‘ரிவர்ட்’, ‘ப்ரீபோன்’, ‘பாஸ் அவுட்’ தவறா? எல்லோரும் எழுதுகிறோமே?

தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ‘போஸ்ட்போன்’ இருக்கும்போது ‘ப்ரீபோன்’ ஏன் கூடாது? தர்க்கம் நம் பக்கம். அகராதிகளும் அதை இந்திய வழக்கு என்ற குறிப்போடு ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இந்திய ஆங்கிலம் கோடிக்கணக்கானவர்களின் ஆங்கிலம். நமக்குள் எழுதும்போது அதற்காக வெட்கப்படத் தேவையில்லை.

ஆனால் அதுவும் வட்டார வழக்குதான் என்பதை மறக்கக்கூடாது. கொச்சை என்றதும் லண்டனையும் நியூயார்க்கையும் நினைக்கிறோம், நம்முடையது நம் கண்ணில் படுவதில்லை. ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்றால் நமக்குப் ‘பதில் எழுதுங்கள்’. பொது ஆங்கிலத்தில் ‘ரிவர்ட்’ என்பது பழைய நிலைக்குத் திரும்புவது. ஒப்பந்த வரைவோடு ஒரு கடிதம் திருத்தத்துக்கு வந்தது, முடிவில் ‘கைண்ட்லி ரிவர்ட் ஆன் த டிராஃப்ட்’ என்றிருந்தது. பழைய வரைவுக்கே திரும்பச் சொல்கிறாரோ என்று வெளிநாட்டில் ஒருவர் தயங்க அது போதும். ‘ரிப்ளை’ என்று மாற்றினேன். ஓர் எழுத்துகூட அதிகமாகவில்லை. ‘பாஸ் அவுட்’ என்றால் பெரும்பாலான நாடுகளில் மயங்கி விழுவது. பிரிட்டனில் ராணுவப் பயிற்சி முடிப்பவர்கள் மட்டும் விழாமலேயே ‘பாஸ் அவுட்’ ஆகிறார்கள். பட்டம் பெற்றதற்கு ‘கிராஜுவேட்’ இருக்கிறது.

‘டிஸ்கஸ் அபௌட்’, ‘ரிட்டர்ன் பேக்’ கதை வேறு. முதலாவதில் ‘அபௌட்’ தேவையில்லை, இரண்டாவதில் ‘பேக்’ தேவையில்லை. எடுத்துவிடுங்கள்.

கொச்சை கலந்தால்தான் ஆங்கிலம் இயல்பாக இருக்கும் என்கிறார்களே?

எந்த ஊரில் இயல்பாக? பிரிட்டிஷ் ‘ரெக்கன்’ (நினை), அமெரிக்க ‘யால்’ (நீங்களெல்லாம்), ஆஸ்திரேலிய ‘ஆர்வோ’ (பிற்பகல்) மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் கலந்தால் எழுதியவர் எங்கும் வாழாதவர் என்றுதான் தெரியும். கொச்சைக்கு ஆயுளும் குறைவு. தொலைக்காட்சித் தொடரில் கேட்டுப் பழகி எழுதத் தொடங்கும்போது அது அங்கே பழசாகியிருக்கும்.

எளிய பொதுச் சொற்களை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த இடங்கள் உண்டு. ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலி 1959இல் சுமார் 1,500 சொற்களுக்குள் நின்று, மெதுவாக வாசிக்கும் செய்தியைத் தொடங்கியது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கான எளிமைப்படுத்தப்பட்ட ஆங்கிலத்தில் ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டுமே. விதிமுறைக்கு உட்படுவதற்கு ‘ஒபே’ என்றே எழுத வேண்டும்.

1977 மார்ச் 27 அன்று டெனெரிஃபே தீவின் விமான நிலையத்தில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுதளத்தில் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, ஒரே நேரத்தில் பேசியதால் மறைந்துபோன குரல்கள் என்று காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, ‘நௌ அட் டேக்ஆஃப்’ என்று விமானத்திலிருந்து வந்த சொற்றொடர். விமானம் கிளம்பிவிட்டது, கட்டுப்பாட்டாளரோ புறப்படும் இடத்தில் காத்து நிற்கிறது என்று எடுத்துக்கொண்டார். பின்னர் வந்த விதிப்படி, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே ‘டேக்ஆஃப்’ என்ற சொல் வரலாம். மற்ற எல்லா இடத்திலும் ‘டிபார்ச்சர்’. நம் மின்னஞ்சலால் யார் உயிரும் போகாதுதான். ஆனால் குழப்பம் பிறக்கிற விதம் ஒன்றே.

நானே சரிபார்த்துக்கொள்வது எப்படி?

ஆங்கிலம்–தமிழ் அகராதியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது ‘ஸே’க்கும் ‘டெல்’லுக்கும் ‘சொல்’ என்றே போட்டிருக்கும். கற்பவர்களுக்கான ஆங்கில அகராதி வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தன் மாணவர்கள் எந்த வினைக்குப் பின் எது வரும் என்று தெரியாமல் தவிப்பதைப் பார்த்து, வினைகளின் வாக்கிய அமைப்பையே காட்டும் அகராதியைச் சக ஆசிரியர்களோடு சேர்ந்து தொகுத்தார். அது 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. இன்றைய கற்போர் அகராதிகள் பலவும் அந்த வழியில் வந்தவை.

வினையைத் தேடிப் பிடித்ததும் பொருளுக்குத் தாவாதீர்கள். முதலில் சாய்வெழுத்தில் இருக்கும் குறிப்பைப் பாருங்கள்: பிரிட்டிஷ், அமெரிக்க, ஆஸ்திரேலிய, இந்திய, பழைய வழக்கு, கொச்சை, புண்படுத்துவது என்று ஏதாவது போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் வேறு சொல் தேடுங்கள். குறிப்பு எதுவும் இல்லையென்றால் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குப் போங்கள். வினைக்கு அடுத்து ஆள் நிற்கிறாரா, பொருள் நிற்கிறதா, ‘டு’வோ ‘அட்’டோ நடுவில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் வாக்கியத்தை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.